நிறைத்து வைத்தால் காப்பு என்பது ஈயத்தின் கணக்கு

சித்தூரிலோ திருப்பதியிலோ எந்த பேட்டரிக் கடையில் போய் நின்றாலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும்: பேட்டரி எப்போதும் ஃபுல் சார்ஜில் இருக்கட்டும், இறங்க விடாதீர்கள். இன்வெர்ட்டர் வாங்குகிறவருக்கும் அதே சொல், டிராக்டர் வைத்திருப்பவருக்கும் அதே சொல். அந்த இருவருக்கும் அது சரியான அறிவுரை. இன்றைக்கு அதே அறிவுரை மாந்தோப்பில் மருந்தடிக்கும் ட்ரோனின் பேட்டரிக்கும், பையன்கள் ஓட்டும் ரிமோட் காரின் பேட்டரிக்கும், ஏர்சாஃப்ட் எனும் விளையாட்டுத் துப்பாக்கியின் கட்டைக்குள் செருகுகிற மெல்லிய பேட்டரிக்கும் அப்படியே தூக்கிச் சொல்லப்படுகிறது. இவை லித்தியம் பாலிமர் பேட்டரிகள், புழக்கத்தில் லிப்போ. லிப்போவை நிறைத்து வைத்தால் பத்திரம் என்பது அடிப்படையிலேயே பிழையான எண்ணம். பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதோடு அது நிற்பதில்லை. ஒரு விபத்து நேர்ந்தால் அந்த விபத்தின் அளவையும் அதுதான் பெரிதாக்குகிறது.

இந்த எண்ணம் இந்த மண்ணில் வேரூன்றியதற்கு நியாயமான காரணம் உண்டு. 1985-இல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா நிறுவனம் திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் வளர்ந்து, அமரான் என்ற பெயரில் வண்டிகளுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஈய பேட்டரிதான் சோறு போட்டது. பேட்டரி என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே மனதில் வருவது ஈயத் தகடும் அமிலமும் டிஸ்டில்ட் வாட்டரும்தான். ஈய பேட்டரியின் சுபாவம் என்ன? மின்சாரம் இறங்க இறங்க அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அந்தப் படிவு கரைந்து விடும். வாரக்கணக்கில் இறங்கிய நிலையிலேயே விட்டால் படிகமாக இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. அதனால்தான் இன்வெர்ட்டர் பேட்டரி இருபத்துநான்கு மணி நேரமும் சார்ஜரோடு பிணைந்தே கிடக்கிறது, அப்படிக் கிடப்பதே அதற்கு நல்லது. தலைமுறை அனுபவத்தில் விளைந்த அறிவு இது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஈயத்துக்கு உரிய இந்த அறிவை லித்தியத்துக்கு ஏற்றிச் சொல்வதில்தான் சிக்கல்.

லிப்போ செல்லுக்குள் நடப்பது வேறு கதை. ஒரு பக்கம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு போன்ற ஒரு சேர்மம், மறுபக்கம் கிராஃபைட், நடுவே தாளைவிட மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு, இவற்றை நனைத்துக்கொண்டு எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவம். பாலிமர் என்று பெயர் இருப்பதால் உள்ளே திரவமே இல்லை என்று நம்புகிறவர்கள் பலர். கடையில் கிடைக்கும் லிப்போவில் அந்தத் திரவம் இருக்கத்தான் செய்கிறது. சார்ஜ் ஏற ஏற லித்தியம் அயனிகள் முதல் பக்கத்தை விட்டு கிராஃபைட்டுக்குள் குடியேறும். செல் 4.2 வோல்ட்டைத் தொடும்போது அதை நிறைந்தது என்கிறோம். வேதியியலின் பார்வையில் அந்த நிலை செல்லுக்கு மிகவும் இறுக்கமான நிலை. கோபால்ட் ஆக்சைடு தன் லித்தியத்தில் பாதியை இழந்து நிலைகுலையத் தயாராக நிற்கிறது. கிராஃபைட் பக்கம் திரவத்தோடு ஓயாமல் வினைபுரிந்து அதை மெல்ல மெல்ல வாயுவாக மாற்றுகிறது. மூன்று மாதம் பீரோவில் நிறைந்தபடி கிடந்த பேட்டரி ஒரு நாள் தலையணை போல உப்பி நிற்பதற்கு இந்த வாயுதான் காரணம். யாரும் அதைத் தொடவில்லை, கீழே போடவில்லை, வெயிலில் காயவைக்கவும் இல்லை. நிறைத்து வைத்ததே போதுமானதாக இருந்தது.

இதற்கு எண்கள் உண்டு. கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தை நிறுவிய இசிடோர் புக்மன் பேட்டரிகளைப் பற்றித் தொகுத்த வழிகாட்டியில் பலரும் எடுத்தாளும் ஓர் அட்டவணை இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு சும்மா கிடந்த லித்தியம் அயனிச் செல் தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கும். அதே ஓராண்டு, அதே 25 டிகிரி, ஆனால் முழுச் சார்ஜ் என்றால் மிஞ்சுவது 80. வெப்பத்தை 40 டிகிரிக்கு உயர்த்தினால் முதலாவது 85-க்கும் இரண்டாவது 65-க்கும் இறங்குகிறது. திருப்பதியின் மே மாதத்தை அறிந்தவர்களுக்கு 40 டிகிரி என்பது ஆய்வுக்கூடக் கற்பனை இல்லை. சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் பகல் இரண்டு மணிக்கு இருக்கும் வெப்பம் அது. அந்த வெப்பத்திலேயே ஓராண்டு நிறைத்து வைத்த பேட்டரி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வலுவிழக்கும், அதுவும் ஒருமுறைகூடப் பயன்படாமலே.

ஆயுள் குறைவது பணநஷ்டம், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்லலாம். தீயைப் பற்றிய சான்று அதைவிடக் கனமானது, அது விமானத் துறையிலிருந்து வருகிறது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யுபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய சரக்குப் பகுதியில் பிடித்த தீ விமானிகளின் அறையைப் புகையால் நிரப்பியிருந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் நடந்த சோதனைகளையும் விவாதங்களையும் தொடர்ந்து, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் 1 முதல் ஒரு விதியைக் கட்டாயமாக்கியது: கருவியோடு சேராமல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகள் பயணிகள் விமானத்தில் சரக்காகப் போகக் கூடாது, சரக்கு விமானத்தில் போனாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உயிரையும் விமானத்தையும் பணயம் வைத்து யோசித்தவர்கள் முதலில் குறைத்தது சார்ஜின் அளவைத்தான். காரணம் எளிது. முழுச் சார்ஜில் உள்ள செல் குறைந்த வெப்பத்திலேயே கட்டுப்பாட்டை இழக்கிறது, வெடித்து எரியும் வேகமும் அதிகம், பக்கத்துச் செல்லுக்குத் தீ தாவுவதும் எளிது. சார்ஜ் குறைவாக உள்ள செல் அதே கோளாறுக்கு ஆளானாலும் பெரும்பாலும் புகைந்து அடங்கும். ஒரு மீட்டர் கையில் இருந்தால் இதன் இன்னொரு சாட்சியை யாரும் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய லிப்போவை டப்பாவிலிருந்து எடுத்ததும் அளந்தால் ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். செய்தவன் அதைப் பாதி நிரப்பித்தான் அனுப்புகிறான்.

அந்த 3.8 வோல்ட்தான் சேமிப்புக்கு உரிய அளவு. 3.85 வரை இருக்கலாம். லிப்போவுக்கென்று செய்த சார்ஜர்களில் இதற்கென்றே ஸ்டோரேஜ் என்று ஒரு மோடு இருக்கும். அதில் போட்டால், பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கிவிடும், இறங்கியிருந்தால் ஏற்றிவிடும், சரியான இடத்தில் நிறுத்திவிடும். விமானத்துக்கு 30 என்றால் வீட்டுக்கு ஏன் பாதி என்று கேட்கலாம். வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி தானாகவும் கொஞ்சம் இறங்கும், செல்லுக்குச் செல் அந்த இறக்கமும் மாறுபடும், எதுவும் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்விடக் கூடாது. அந்த இடைவெளிக்காகவே பாதி.

ஈயத்தின் பழக்கம் இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே நுழைகிறது, அது இதைவிட நேரடியான ஆபத்து. மூன்று செல் லிப்போவின் மேல் 11.1 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், நிறைந்தால் 12.6 வோல்ட். பார்க்கிறவர் கண்ணுக்கு அது 12 வோல்ட் பேட்டரி. பைக் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் சார்ஜர் எல்லா மெக்கானிக் கடையிலும் இருக்கிறது. ஒயரை மாட்டினால் வேலையும் நடப்பது போலத்தான் தெரியும். ஆனால் 12 வோல்ட் ஈய பேட்டரியை நிரப்பும் சார்ஜர் ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை தள்ளும். மூன்றால் வகுத்தால் செல்லுக்கு 4.8 வோல்ட். இரவெல்லாம் மாட்டி வைக்கும் மிதமான நிலையில்கூட 13.5 வோல்ட்டுக்குக் குறையாது, அதாவது செல்லுக்கு 4.5. லிப்போ தாங்குவது 4.2 மட்டுமே. அதற்கு மேல் ஏறும் லித்தியத்துக்கு கிராஃபைட்டுக்குள் இடமில்லாமல் வெளியே உலோகமாகப் படிய ஆரம்பிக்கிறது, மறுபக்கம் ஆக்சைடு நிலைகுலைந்து ஆக்சிஜனை விடத் தொடங்குகிறது. எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே பைக்குள் சேர்ந்துவிட்டன, இனி வெப்பம் மட்டும்தான் பாக்கி. பல வகைப் பேட்டரிகளுக்கும் சார்ஜ் போடும் சார்ஜரில் நிக்கல் மோடைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதிதான். நிக்கல் பேட்டரி நிறையும்போது வோல்ட் ஒரு பொட்டு இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிற்கும். லிப்போவில் அந்த இறக்கம் வருவதே இல்லை, சார்ஜர் தள்ளிக்கொண்டே போகும். அதனால் சார்ஜ் போடும் முன் பார்க்க வேண்டியவை: மோடு லிப்போவா, செல் எண்ணிக்கை சரியா, ஆம்பியர் எவ்வளவு. 1300 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 1.3 ஆம்பியர், 16000-க்கு 16 ஆம்பியர். தடித்த ஒயரோடு அந்தச் சிறிய வெள்ளை பேலன்ஸ் பிளக்கையும் மாட்டாமல் சார்ஜ் போடவே கூடாது. மொத்தம் 12.6 வோல்ட் என்று திரை காட்டும்போது உள்ளே இரண்டு செல் 4.1-லும் மூன்றாவது 4.4-லும் இருக்க முடியும். அதைச் சார்ஜருக்குச் சொல்ல அந்தச் சின்ன ஒயரை விட்டால் வேறு வழி கிடையாது.

ஏர்சாஃப்ட் உலகத்துக்கு எதிர்த் திசையிலும் ஒரு பழக்கம் உண்டு. மின்மோட்டாரில் ஓடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை ஜப்பானின் டோக்கியோ மருய் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. பாதியில் சார்ஜ் போட்டால் நினைவு பிடித்துக்கொள்ளும், கடைசிவரை சுட்டுத் தீர்த்துவிட்டுச் சார்ஜ் போடு என்பது அந்தக் காலத்து விதி. துப்பாக்கி மாறாமல் பேட்டரி மட்டும் லிப்போவாக மாறிவிட்டது, விதி பல கைகளில் மாறவில்லை. லிப்போ செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்து, இன்னும் கீழே விட்டுவிட்டால், கிராஃபைட்டைத் தாங்கும் செப்புத் தகடே திரவத்தில் கரைய ஆரம்பிக்கும். அடுத்த சார்ஜில் அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஒரு ஷார்ட் சர்க்யூட்டைக் கட்டிவிடும். செத்த லிப்போவை எப்படியாவது எழுப்பிவிட முயல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதுதான் விளக்கம். ஆட்டம் முடிந்தவுடன் துப்பாக்கியிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் இதனால்தான். உள்ளே இருக்கும் மின்சுற்று வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உறிஞ்சியே அதை அந்தப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதோடு, கட்டைக்குள்ளோ பின்குழாய்க்குள்ளோ பேட்டரியை அழுத்தித் திணிக்கும்போது ஒயர் நசுங்குவதும் மேலுறை மடிவதும் சாதாரணம். இவ்வூர்களில் ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்கள் அரிது, ஆனால் ரிமோட் காரையும் கல்லூரி ட்ரோன்களையும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது கைபேசி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சார்ஜ் போட்டுக் காலையில் எடுக்கிறோம், அதுவும் லித்தியம்தானே, எதுவும் ஆகவில்லையே என்பது வாதம். ஒரு சிறிய ஏர்சாஃப்ட் பேட்டரியில், 11.1 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர் மணி என்று கொண்டால், சுமார் 14 வாட் மணி ஆற்றல் இருக்கும். கைபேசியிலும் ஏறத்தாழ அவ்வளவுதான், சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆற்றல் ஒன்றுதான், காவல் ஒன்றல்ல. கைபேசிக்குள் இருக்கும் செல்லோடு ஒரு பாதுகாப்புச் சுற்று ஒட்டியே வருகிறது. அது அதிகச் சார்ஜையும் அதிக இறக்கத்தையும் ஷார்ட்டையும் தடுக்கும். வெப்பத்தை அளந்து சார்ஜின் வேகத்தைக் குறைக்கத் தனியாக ஒரு சில்லு இருக்கிறது. ரிமோட் காருக்கும் ட்ரோனுக்கும் ஏர்சாஃப்டுக்கும் விற்கும் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவை எதுவும் கிடையாது. எடையைக் குறைக்கவும் நொடியில் நிறைய ஆம்பியரை அள்ளித் தரவும் வெறும் செல்களை அடுக்கிச் சுற்றித் தந்திருக்கிறார்கள். அதற்குக் காவல் சார்ஜரும் அதை இயக்கும் மனிதரும் மட்டுமே. தவிரவும், கைபேசிக் கம்பெனிகளே 80 சதவீதத்தில் நிறுத்திவைக்கும் வசதியைத் தர ஆரம்பித்துவிட்டன. நிறைத்து வைப்பது நல்லது என்றால் அவர்கள் அதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

வெயில்தான் குற்றவாளி என்பது அடுத்த கட்சி. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தபோது நாடு முழுவதும் முதலில் கேட்ட குரல் இது. ராயலசீமை வெயிலுக்கு எந்த பேட்டரிதான் தாங்கும் என்று கைவிரித்துவிட்டால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. லித்தியம் செல்லின் உள்ளே முதல் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குவதே 80, 90 டிகிரியை ஒட்டித்தான். பிளாஸ்டிக் தடுப்பு உருகுவது 130 டிகிரி அளவில். மே மாதத்து 43 டிகிரி ஒரு நல்ல செல்லைத் தானாக அங்கே கொண்டுபோகாது. பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடுவது, உப்பிய பேட்டரியை மறுபடி மாட்டுவது, செல்லின் எல்லையைத் தாண்டி ஏற்றுவது ஆகியவைதான் அங்கே கொண்டுபோகும். வெயில் செய்வது ஒன்றுதான்: தவறுக்கு இருக்கும் இடைவெளியைச் சுருக்குகிறது. லிப்போவுக்குச் சார்ஜ் போடுவதற்குப் பொதுவாகச் சொல்லும் உச்சவரம்பு 45 டிகிரி. சித்தூர் பக்கத்து மாந்தோப்பில் மதியம் இரண்டு மணிக்கு நிழலே 41 இருக்கும்போது, ட்ரோனிலிருந்து கழற்றிய பேட்டரி அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். ஆகவே வெயில் ஊருக்கு விதிகள் இன்னும் இறுக்கமாக வேண்டும்: சார்ஜ் விடியற்காலையில், பறந்த பேட்டரி தொட்டால் சில்லென்று ஆகும்வரை காத்திருப்பு, நிறுத்திய காருக்குள் ஒருபோதும் வைக்காமல் இருப்பது. வெயிலைக் காரணமாகச் சொல்கிறவர் நிறைத்து வைப்பதை முதலில் கைவிட வேண்டியவர். 40 டிகிரியில் 85-க்கும் 65-க்கும் இடையே இருந்த அந்த வித்தியாசம் அவருடைய அறையைப் பற்றியதுதான்.

மட்டமான சரக்கு, நல்ல பிராண்டாக வாங்கினால் கவலை இல்லை என்கிறவர்களுக்கு 2006-இல் சோனி செல்களுக்காக லட்சக்கணக்கான லேப்டாப் பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்டதையும், 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்கள் பேட்டரிக் கோளாறால் தரையில் நின்றதையும், 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 சந்தையிலிருந்தே போனதையும் நினைவூட்டினால் போதும். நல்ல பிராண்ட் வாங்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு உற்பத்திக் குறை எந்த நல்ல தொழிற்சாலையிலும் தப்பி வரும். வந்த குறை என்றைக்கு வெளிப்படும் என்பது நம் கையில் இல்லை, வெளிப்படும்போது அந்தச் செல்லில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பது நம் கையில் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. வேலை வரும்போது பேட்டரி தயாராக இருக்க வேண்டும், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, நிறைத்து வைக்காமல் என்ன செய்வது? தோப்புக்குக் காலை ஆறு மணிக்குப் போக வேண்டிய பெண்கள் குழுவுக்கு இது வெறும் வாதம் இல்லை, கூலி. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு 15,000 ட்ரோன்கள் தரும் நமோ ட்ரோன் தீதி திட்டம் 2023-இல் ஒப்புதல் பெற்றபின், ட்வாக்ரா என்று அழைக்கப்படும் அக்குழுக்கள் வலுவாக இருக்கும் ஆந்திரத்தில் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிறது. ஆறு செல், 16000 மில்லி ஆம்பியர் மணி மருந்தடிப்பு பேட்டரி ஒன்றில் 355 வாட் மணி இருக்கிறது, அந்த ஏர்சாஃப்ட் பேட்டரியைப் போல இருபத்தைந்து மடங்கு. ஒரு குழுவிடம் இப்படி நாலைந்து இருக்கும், வைக்குமிடம் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய வீடு. பாதியில் இருக்கும் லிப்போ நிறைய முக்கால் மணி நேரம் போதும். நாளை வேலை உறுதி என்றால் இன்று மாலை விழித்திருக்கும் நேரத்தில் நிரப்பலாம், வயலில் ஜெனரேட்டர் வைத்தும் நிரப்பலாம். மழையால் வேலை தள்ளிப்போனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் நிறைந்தபடி விடாமல் ஸ்டோரேஜுக்கு இறக்கிவிடலாம். இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேர உழைப்பு தேவை, அது உண்மை. அந்த உழைப்புக்கு எதிரே நிற்பது வீட்டுக்குள் ஆயிரம் வாட் மணிக்கு மேல் நிறைத்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் பிள்ளைகளோடு படுப்பது. தயார்நிலை என்ற ஒரே காரணத்துக்காக அதை நியாயப்படுத்த முடியாது.

தீப்பிடிக்காத பை வாங்கிவிட்டோமே என்று சிலர் நிம்மதியடைகிறார்கள். பை நல்லதுதான், சிறிய பேட்டரியின் சுவாலையை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். புகையை அது பிடித்து வைக்காது, லித்தியம் பேட்டரித் தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான். 2022 மார்ச் இறுதியில், சித்தூருக்குப் பக்கத்து ஊரான வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டரிலிருந்து பரவிய தீயின் புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் விஜயவாடாவில் படுக்கையறையில் சார்ஜில் இருந்த பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு விடுதிக்குக் கீழே இருந்த மின் ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மாடிப்படி வழியே ஏறி எட்டு உயிர்களைக் கொண்டுபோனது. ஸ்கூட்டர் பேட்டரிகள் லிப்போவைவிடப் பாதுகாப்புச் சுற்றுகள் கூடியவை. இந்த விபத்துகளுக்குப் பிறகு அரசு மின் ஸ்கூட்டர்களுக்கான ஏஐஎஸ் 156 விதிகளைத் திருத்தி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்கு லிப்போவுக்கு அப்படி ஒரு விதியும் காவலாக இல்லை. ஆகவே சார்ஜ் போடும் இடத்தை நாமே விதியாக்கிக்கொள்ள வேண்டும்: தூங்கும் அறையில் கூடாது, வாசலுக்குப் போகும் வழியில் கூடாது, மாடிப்படிக்குக் கீழே கூடவே கூடாது, எல்லோரும் தூங்கும் நேரத்தில் கூடாது. இங்கே பல வீடுகளில் சமையலறை அலமாரிக்கும் திண்ணைக்கும் கடப்பா கல் போட்டிருப்பார்கள். வெளித்திண்ணையின் அந்தக் கல்தான் சார்ஜ் போடுவதற்கு ஏற்ற மேடை, பக்கத்தில் ஒரு வாளி மணல். சேமித்து வைக்கத் துணி அடுக்கிய பீரோவும் பரணும் ஆகாது. இரும்புப் பெட்டி என்றால் காற்றுப் போக வழியிருக்க வேண்டும், இறுக மூடிய பெட்டியில் வாயு சேர்ந்தால் பெட்டியே வெடிக்கும். லித்தியம் என்றால் தண்ணீரே ஊற்றக் கூடாது என்ற நம்பிக்கையும் திருத்தத்துக்கு உரியது. சிறிய பேட்டரி எரிந்தால், பிளக்கைப் பிடுங்கியபின் தண்ணீரால் குளிர்விப்பது சரியான வழி. விமானப் பணியாளர்களுக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ட்ரோன் பேட்டரி எரிந்தால் வீட்டாரை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் வேலை.

இந்த மண் லித்தியத்துக்குப் புதிதும் அல்ல. திருப்பதியின் மின்னணுத் தொழிற்பேட்டையில் முனோத் நிறுவனம் 165 கோடி ரூபாயில் கட்டிய லித்தியம் செல் தொழிற்சாலை 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. செல் செய்யத் தெரிந்த ஊரில், செல்லை எப்படி வைத்திருப்பது என்ற அறிவும் கடை வரைக்கும் வந்து சேர வேண்டும். லிப்போ விற்கும் ஒவ்வொரு கடையும் 3.8 வோல்ட் என்ற எண்ணையும் ஈய பேட்டரி சார்ஜரில் மாட்டாதே என்ற எச்சரிக்கையையும் தெலுங்கிலும் தமிழிலும் பேட்டரியின் மேலேயே ஒட்டித் தரலாம், அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ட்ரோன் ஓட்டப் பயிற்சி தருகிறவர்கள் பறக்கவிடச் சொல்லித் தரும் நேரத்தில் ஒரு பங்கைச் சார்ஜுக்கும் சேமிப்புக்கும் ஒதுக்க வேண்டும். உயிர் போன பேட்டரியின் விஷயத்தில் ஈயத்திடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பழைய ஈய பேட்டரியைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதில் விலையைக் கழித்துக்கொள்கிறார், அதனால் அது குப்பைத்தொட்டிக்குப் போவதே இல்லை. உப்பிய லிப்போவுக்கு அப்படி ஒரு விலை இல்லாததால் அது மேசை டிராயரிலோ குப்பை வண்டியிலோ போய்ச் சேர்கிறது, வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளையும் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேலும் இறக்குமதியாளர் மேலும் சுமத்தியிருக்கின்றன. அதைக் காட்டிக் கடையில் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அதுவரை, உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்க முயலாமல், வீட்டுக்கு வெளியே வைத்து, பேட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற ஒரு பல்பை மாட்டி அது அணைந்து பல மணி நேரம் ஆகும்வரை இறக்கிவிட்டு, முனைகளை ஒவ்வொன்றாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மணல் நிறைத்த தகரத்தில் போட்டு, உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.